அறுவை சிகிச்சையின்போது நரம்புகளைக் கண்காணிக்கும் வேலை: பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஒரு வழிகாட்டல்

பிளஸ் டூவில் உயிரியல் படித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் ரிசல்ட் வந்ததும் ஒரே பேச்சுதான். நீட் மதிப்பெண் போதுமா, போதாவிட்டால் நர்சிங்கா, லேப் டெக்னீஷியனா? அறந்தாங்கி, மீமிசல், கோட்டைப்பட்டினம் என நம் மாவட்டத்தில் பலரும் கேள்விப்படாத இன்னொரு துறையும் இருக்கிறது. அறுவை சிகிச்சை நடக்கும்போதே நோயாளியின் நரம்பு மண்டலத்தைக் கண்காணிக்கும் வேலை அது. மருத்துவமனைகளில் 'ஐ.ஓ.என்.எம்.' அல்லது 'நியூரோ மானிட்டரிங்' என்பார்கள்.

இந்த வேலை எதற்கு?

முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை என்றாலே குடும்பத்தார் பயப்படுவது, "கால் வராமல் போய்விடுமோ" என்றுதான். நோயாளி முழு மயக்கத்தில் இருப்பதால் அவரிடம் கேட்டுப் பார்க்க முடியாது. 1973-ல் பிரான்ஸ் மருத்துவர்கள் ஒரு வழி சொன்னார்கள். அறுவையின் நடுவே மயக்கத்தைத் தெளிவித்து, காலை அசைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு மீண்டும் மயக்கம் கொடுப்பது. ஆனால் அது அந்த ஒரு நொடியின் நிலையை மட்டுமே காட்டும்.

இப்போது கணுக்கால் நரம்பில் சிறிதளவு மின்சாரம் செலுத்தி, அது தண்டுவடம் வழியாக மூளைக்குப் போய்ச் சேர்வதைத் தலையில் பொருத்திய எலெக்ட்ரோடு மூலம் பதிவு செய்கிறார்கள். இது உணர்ச்சிப் பாதை. அசைவுப் பாதையைப் பார்க்கத் தலையில் மின்தூண்டல் கொடுத்து, கை கால் தசைகளில் பதில் வருகிறதா என்று கவனிப்பார்கள். தைராய்டு அறுவையில் குரல் நரம்பையும், காதருகே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி அறுவையில் முக நரம்பையும் இப்படிக் காக்கலாம்.

டெக்னீஷியனின் பொறுப்பு

ஆரம்பத்தில் எடுத்த பதிவோடு ஒவ்வொரு பதிவையும் ஒப்பிட வேண்டும். உணர்ச்சி அலையின் அளவு பாதியாகக் குறைந்தாலோ, அது வந்து சேரும் நேரம் 10 சதவீதம் கூடினாலோ எச்சரிக்கை தர வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். வயர் கழன்றதா, ரத்த அழுத்தம் இறங்கியதா, மயக்க மருந்து கூடியதா, அல்லது பொருத்திய ஸ்குரூ நரம்பை அழுத்துகிறதா? உடனே சரிபார்க்க வேண்டும். காரணம் தெரிந்தால் ரத்த அழுத்தத்தை உயர்த்துவதோ ஸ்குரூவைக் கழற்றுவதோ மருத்துவர்களின் முடிவு.

ஆளின் அனுபவம் இதில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று. 51,263 முதுகுத்தண்டு அறுவைகளை வைத்து 1995-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், அனுபவம் மிக்க குழுவினர் கண்காணித்த நோயாளிகளுக்கு நரம்புப் பாதிப்பு, அனுபவம் குறைந்த குழுவினரிடம் இருந்ததில் பாதிக்கும் கீழே இருந்தது. எனினும் எந்தக் கருவியும் ஆபத்தை முழுவதும் நீக்கிவிடாது.

எங்கே படிக்கலாம்?

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் துணை மருத்துவப் பட்டப்படிப்புகளில் பி.எஸ்சி. நியூரோ எலெக்ட்ரோ பிசியாலஜி இருக்கிறது. மூன்று ஆண்டு படிப்பு, ஓராண்டு பயிற்சி என்ற முறையில் நடந்து வந்தது. இதற்கு நீட் இல்லாமல், பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு கலந்தாய்வு நடத்தி வந்துள்ளது. விதிகள் மாறக்கூடும் என்பதால் அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டைப் படித்துவிடுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸிலும் இதே துறையில் பி.எஸ்சி. உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் நியூரோ டெக்னாலஜி டிப்ளமோ நடத்துகிறது.

தமிழக அரசு ஒதுக்கீட்டு இடங்களில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீத உள் ஒதுக்கீடு உள்ளது. சாதிச் சான்றிதழைக் கடைசி நேரத்தில் தேடாமல் தேர்வு முடிந்ததுமே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டியவை

இந்தப் படிப்பு முடித்தவர்கள் இ.இ.ஜி., நரம்புப் பரிசோதனைக் கூடங்களிலும் வேலை செய்யலாம். ஆனால் அறுவை அரங்கக் கண்காணிப்பு வேலை பெரும்பாலும் பெருநகர மருத்துவமனைகளில்தான் கிடைக்கும். சொந்த ஊரிலேயே வேலை வேண்டும் என்பவர்களுக்கு இது பொருந்தாது. பல மணி நேரம் திரையை விட்டுக் கண் எடுக்காத பொறுமை வேண்டும். மூத்த மருத்துவரிடம், "சார், சிக்னல் குறைகிறது" என்று தயங்காமல் சொல்லும் தைரியமும் வேண்டும்.

2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், நரம்புப் பரிசோதனைத் தொழில்நுட்பரையும் அதன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. வளைகுடா நாடுகளிலும் சான்றிதழைச் சரிபார்த்த பிறகே உரிமம் தருகிறார்கள். பிள்ளையைச் சபுராளியாக அனுப்பும் எண்ணம் இருந்தால் அங்கீகாரமற்ற சான்றிதழ் கைகொடுக்காது.

ஆகவே பணம் கட்டும் முன் கல்லூரியில் மூன்று கேள்விகள் கேளுங்கள். பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும்? பயிற்சி தரும் மருத்துவமனையில் நரம்பியல் அறுவை நடக்கிறதா? மாணவர்களை அறுவை அரங்கில் கண்காணிப்பில் உட்கார வைக்கிறார்களா? மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைத்தால் மட்டும் சேருங்கள்.