விளையாட்டு நிரலில் காலக் கணக்கு

கணிப்பொறி விளையாட்டு ஒன்றை முதன்முதல் இயக்கிக் காட்டிய மாணவன் அடுத்துக் கற்க வேண்டுவது காலக் கணக்காகும். 2014-ஆம் ஆண்டில் மூல நிரலுடன் யாவருக்கும் கட்டணமின்றி வெளியிடப்பட்ட கோடோ என்னும் விளையாட்டு எஞ்சினைக் கொண்டு இதனை விளக்கலாம்.

அசையாப் படங்கள் அடுத்தடுத்துத் தோன்றுவதாலேயே திரையில் இயக்கம் புலப்படுகிறது. திரைப்படத்தில் வினாடிக்கு 24 படங்கள் என்பது வழக்கம். விளையாட்டிலோ, அவ்வெண்ணிக்கை கணிப்பொறியின் திறனுக்கேற்ப மாறும். ஒரு படத்திற்கு 5 பிக்சல் வீதம் பந்து நகருமாறு நிரல் அமைந்திருப்பதாகக் கொள்க. வினாடிக்கு 60 படங்கள் காட்டும் பொறியில் அது 300 பிக்சல் செல்லும். 30 படங்களே காட்டும் பழைய பொறியில் 150 பிக்சலே செல்லும். ஒரே வகுப்பில் ஒருவனுக்கு எளிதான ஆட்டம் மற்றவனுக்குக் கடினமாகிவிடும்.

இக்குறையைப் போக்க, வேகத்தை வினாடிக்கு 300 பிக்சல் என வகுத்து, முந்தைய படத்திற்குப் பின் கழிந்த நேரத்தால் பெருக்குதல் வேண்டும். 'டெல்டா' எனப்படும் அந்நேரத்தை எஞ்சினே அளிக்கிறது. முதற் பொறியில் படத்திற்கு 5 பிக்சலும், பழைய பொறியில் 10 பிக்சலும் நகர்வதால் வேகம் ஒன்றாகிறது.

எனினும், 'மூவ் அண்ட் ஸ்லைடு' என்னும் கட்டளை இப்பெருக்கலைத் தானே செய்துகொள்ளும். அங்கு வேகத்தை மீண்டும் டெல்டாவால் பெருக்கினால் பொருள் ஊர்ந்தே செல்லும். புவியீர்ப்பு வேகத்தையே மாற்றுவதாகலின், அதனை மட்டும் டெல்டாவால் பெருக்கி வேகத்துடன் கூட்டுதல் வேண்டும்.

படங்களின் உச்ச எண்ணிக்கையை முதலில் 60 எனவும், பின்னர் 30 எனவும் அமைத்து, பந்து திரையைக் கடக்கும் நேரத்தை மாணவரைக் கொண்டே ஆசிரியர்கள் அளக்கச் செய்யலாம். இரு நேரங்களும் ஒத்திருப்பின் கணக்குச் சரியே.