மருத மரத்தை இனங்காணல்

சாரல் காலம் தொடங்கிவிட்டால் இதயநோய்ப் புறநோயாளர் பிரிவில் ஒரு வினா தவறாமல் எழும்: "குற்றாலம் போகிறோம், மருதம்பட்டை வாங்கி வரலாமா டாக்டர்?" விடை கூறுமுன், மருதம் எதுவென அறிந்துகொள்வது நலம். மருது என்னும் பெயரைப் பல மரங்கள் தாங்கி நிற்கின்றன.

இதயத்திற்கென மருத்துவ நூல்கள் கூறுவது நீர்மருது. தாவரவியலார் இதனை டெர்மினாலியா அர்ஜுனா என்பர். ஆற்றங்கரையே இதன் இயல்பான இடம். முதலில் அடிமரத்தை நோக்குங்கள். பட்டை வழுவழுப்பாக, வெளிர் சாம்பல் நிறத்தில் இருக்கும். தட்டையான ஏடுகளாக உரிந்து விழும். நீண்ட இலையின் அடியில், காம்பு சேருமிடத்தில், மிளகினும் சிறிய இரு சுரப்பிகள் புடைத்திருக்கும். கோடையில் மலரும் பூக்களுக்கு இதழ்களே இல்லை. வெளிர்மஞ்சள் நிறச் சிறு கிண்ணங்கள் கதிர்போல் அடுக்கப்பட்டிருக்கும், தேன்மணம் வீசும். ஐயமறக் காட்டிக்கொடுப்பது காய்தான். நீளவாக்கில் ஐந்து தடித்த சிறகுகள் உடைய அக்காயைக் குறுக்கே வெட்டினால் விண்மீன் வடிவம் தோன்றும்.

கருமருதின் காய்க்கும் ஐந்து சிறகுகள் உண்டு. ஆனால் அவை அகன்றவை. அதன் பட்டை கருத்து, முதலையின் முதுகென ஆழ்ந்து வெடித்திருக்கும். பூமருதோ வேறு குடும்பம். கசங்கிய பட்டுத்துணி போன்ற ஊதா இதழ்களும், சிறகற்ற உருண்டைக் காய்களும் கொண்டது. பழம்பாடல்களின் மருதம் இவற்றுள் எது என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

மேற்கூறிய அடையாளங்கள் யாவும் மரத்தின் முன் நிற்பவர்க்கே உதவும். பட்டை பொடியாகிப் பொட்டலத்தில் அடங்கியபின் கண்ணால் பார்த்து இனங்காண என்னாலும் இயலாது. ஆகவே அடையாளம் தெரியாத பொடியை வாங்காதீர்கள். சித்த மருத்துவம் பெற விரும்புவோர் அரசு சித்த மருத்துவரை நாடலாம். உண்டுவரும் மாத்திரைகளின் பட்டியலை அவரிடம் காட்டுங்கள்.

செயற்கை வால்வு பொருத்தப்பட்டு வார்ஃபரின் உண்போர் மிகுந்த எச்சரிக்கை கொள்ள வேண்டும். அம்மருந்தின் அளவு நுட்பமானது. நாள்தோறும் உண்ணும் கீரையின் அளவு மாறினாலே குருதி உறையும் தன்மை மாறக்கூடும். அவர்கள் எங்களைக் கேளாமல் எந்தக் கஷாயமும் பருகலாகாது. இரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்திவிட்டு அவற்றுக்கு ஈடாகப் பட்டைநீர் அருந்துவதும் தகாது. மார்புவலி வந்தால் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே 108-ஐ அழையுங்கள்.

சாலையோர மருதங்களில் பட்டையைச் செதுக்குவோர்க்கும் ஒரு சொல்: அடிமரத்தைச் சுற்றி வளையமாக உரித்தால், இலைகள் ஆக்கிய உணவு வேருக்கு இறங்கும் வழி அறுபட்டு மரம் பட்டுப்போகும். ஏற்கெனவே பொடி வாங்கி உண்டு வருவோர், அடுத்த பரிசோதனைக்கு வரும்போது மருந்துச்சீட்டோடு அப்பொட்டலத்தையும் எடுத்து வாருங்கள். கடிந்துகொள்ள மாட்டோம்.