தொல் இடங்களுக்கு அடையாள எண்

பழங்கால ஊர், துறைமுகம், கோயில் போன்ற ஒவ்வோர் இடத்துக்கும் மாறாத ஓர் எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணின் வழியே வெவ்வேறு வரலாற்று வலைத்தளங்களை இணைக்கும் முறை ஒன்று இணையத்தில் வழக்கில் உள்ளது. கிரேக்க, உரோமானிய வரலாற்று ஆய்வில் இது நன்கு வேரூன்றியுள்ளது.

ஓர் ஊரைப் பற்றிய சான்றுகள் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. அங்கே அச்சிட்ட நாணயம் ஒரு தளத்திலும், கல்வெட்டு இன்னொன்றிலும், அவ்வூரைக் குறிப்பிடும் நூல் மூன்றாவதிலும் இருக்கும். பெயரைக் கொண்டு தேடினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பைசாந்தியம், கான்சுடான்டிநோபிள், இசுதான்புல் மூன்றும் ஒரே நகரம். தீபஸ் என்றாலோ கிரேக்கத்தில் ஒன்று, எகிப்தில் ஒன்று. அலெக்சாந்தர் பெயரால் அமைந்த அலெக்சாந்திரியாக்கள் பல.

பள்ளியில் ஒரே வகுப்பில் மூன்று முருகன்கள் இருப்பார்கள். சேர்க்கை எண் மட்டும் ஒருவருக்கு உரியது இன்னொருவருக்கு வராது; பையன் பின்னாளில் பெயரை மாற்றிக்கொண்டாலும் எண் அதுவேதான். இங்கும் அதே ஏற்பாடுதான்.

இவ்வகை எண்களைத் தருவது பிளீயடீஸ் என்னும் இடப்பெயர்க் களஞ்சியம். ரிச்சர்டு டால்பர்ட் பதிப்பித்து 2000-இல் வெளிவந்த பாரிங்டன் நிலப்படத் தொகுதியே இதற்கு அடிப்படை. இன்று 35,000-க்கும் மேற்பட்ட இடங்கள் இதில் பதிவாகியுள்ளன. ஏதென்சின் எண் 579885. உரோமின் எண் 423025. ஒவ்வோர் எண்ணும் ஓர் இணைய முகவரியின் பகுதியாகவும் இருப்பதால், கணினி நேரே அந்தப் பக்கத்துக்குப் போய்விடும். திறந்த உரிமத்தில் உள்ளதால் தரவை எவரும் எடுத்தாளலாம்.

எண் இருந்தால் மட்டும் போதாது, பிறர் அதைப் பயன்படுத்த வேண்டும். அதற்காக 2011-இல் பெலாகியோஸ் என்ற கூட்டுத் திட்டம் தொடங்கியது. கிரேக்க மொழியில் இச்சொல்லுக்குக் 'கடல் சார்ந்த' என்று பொருள். இதில் சேரும் நிறுவனம் தன் சேகரிப்பை யாருக்கும் ஒப்படைக்க வேண்டியதில்லை. "எங்களிடமுள்ள இப்பொருள் இந்த எண்ணுள்ள இடத்தைக் குறிக்கிறது" என்ற சிறு குறிப்பை வெளியிட்டால் போதும். எல்லாவற்றையும் ஒரே பெரிய தரவுத்தளத்தில் கொட்டுவதைவிட இது எளியது, செலவும் குறைவு. ஆனால் உழைப்பு உண்டு. ஒரு நூலில் வரும் 'தீபஸ்' எந்தத் தீபஸ் என்பதைக் கணினி ஊகிக்கலாம். சரியா என்று பார்க்க அந்த வரியைப் படித்தறிந்த ஒருவர் வேண்டும். இவ்வேலைக்கென்றே ரெக்கஜிட்டோ என்ற கருவி உருவாக்கப்பட்டது.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு முசிறி. பிளினியின் நூல், செங்கடல் வழிநூலான பெரிப்ளசு, பியூட்டிங்கர் நிலப்படம், வியன்னாவில் உள்ள வணிக ஒப்பந்தப் பாப்பிரசு ஆகிய நான்கும் முசிறியைச் சொல்கின்றன; அகநானூறும் சொல்கிறது. கேரளத்தின் பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வுக்குப் பின் அதுவே முசிறி என்று பலர் கருதுகின்றனர். ஏற்காதவர்களும் உள்ளனர்.

இங்கேதான் பிளீயடீசு அமைப்பின் நுட்பம் தெரிகிறது. அதில் 'இடம்' வேறு, அதன் 'பெயர்' வேறு, நிலப்படத்தில் அது விழும் 'அமைவிடம்' வேறு. பெயர்கள் பல இருக்கலாம். அமைவிடம் தெரியாமலும் இருக்கலாம். நூலில் வரும் முசிறியை எண்ணோடு இணைப்பவர், அது பட்டணமா இல்லையா என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. நாளை வேறு சான்று கிடைத்தால் அமைவிடக் குறிப்பை மட்டும் திருத்தினால் போதும். எண்ணைச் சுட்டும் நூற்றுக்கணக்கான இணைப்புகள் அப்படியே நிற்கும். எண்ணுக்குப் பதிலாக ஆள்கூறுகளை வைத்து இணைத்திருந்தால், அத்தனையையும் தேடித் திருத்த வேண்டியிருக்கும்.

விக்கித்தரவிலும் பிளீயடீசு எண்ணைக் குறிக்கத் தனிப் பண்பு உண்டு. அதன் குறியீடு பி1584. தொல்லூர் ஒன்றைப் பற்றித் தமிழில் கட்டுரை எழுதும் மாணவர், அவ்வூரின் விக்கித்தரவுப் பக்கத்தில் இந்த எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் பிளீயடீசில் தேடி, ஊர் அதுதான் என்று உறுதிசெய்துகொண்டு, தாமே சேர்க்கலாம்.