0.9 யாருக்கு நார்மல்?

பெங்களூரில் எந்த லேபில் ரத்தம் கொடுத்தாலும், ரிப்போர்ட்டில், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியாட்டினினுக்கு எதிரே ஒரு வரம்பு அச்சாகியிருக்கும். பெண்களுக்குப் பெரும்பாலும் 0.6 முதல் 1.1 மில்லிகிராம் வரை. ஐந்து மாதக் கர்ப்பிணிக்கு 0.9 என்று வந்தால் அந்த எண் தடித்த எழுத்தில் வராது, பக்கத்தில் குறி எதுவும் விழாது. வீட்டார் நிம்மதியாக ஃபைலில் செருகிவிடுவார்கள். ஆனால் அந்த வரம்பு கர்ப்பிணிகளுக்காகப் போடப்பட்டதே அல்ல. அவரைப் பொறுத்தவரை 0.9 என்பது டாக்டர் நின்று பார்க்க வேண்டிய எண்.

காரணம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. கரு தரித்த சில வாரங்களிலேயே ரத்தக் குழாய்கள் தளர்ந்து, சிறுநீரகத்துக்குப் பாயும் ரத்தம் கூடுகிறது. வயிறு வெளியே தெரிவதற்கு முன்பே, முதல் மூன்று மாதங்களுக்குள், சிறுநீரகம் வடிகட்டும் வேகம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடுகிறது. சிறுநீரகமே ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நீள்கிறது. தசைகளிலிருந்து வரும் கிரியாட்டினின் வேகமாக வெளியேறுவதால் ரத்தத்தில் அதன் அளவு இறங்குகிறது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் ரிப்போர்ட்டுகளை வைத்து 2019-ல் வெளியான ஆய்வில், கர்ப்பத்துக்கு முன் சராசரியாக 0.68 ஆக இருந்த கிரியாட்டினின், 16 முதல் 20 வாரங்களுக்குள் 0.53 ஆகக் குறைந்திருந்தது. அதே ஆண்டு பிரிட்டனின் சிறுநீரக மருத்துவர்கள் வெளியிட்ட வழிகாட்டுதல், கர்ப்பத்தில் ஏறக்குறைய 0.87-ஐத் தாண்டினாலே இயல்பல்ல என்கிறது. நம் ஊரில் மெலிந்த, தசை குறைந்த பெண்கள் ஏராளம். அவர்களுக்குக் கிரியாட்டினின் இயல்பிலேயே குறைவாக இருக்கும் என்பதால் 0.9 இன்னும் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டிய எண்ணாகிறது.

இதே மாற்றங்கள் நோயில்லாத இடத்தில் நோய் இருப்பதுபோலவும் காட்டும். வடிகட்டும் வேகம் கூடியதால் சர்க்கரை வியாதி இல்லாதவருக்கும் யூரினில் கொஞ்சம் சர்க்கரை வரலாம். ஸ்கேனில் வலது சிறுநீரகம் லேசாக வீங்கியிருப்பதாக எழுதியிருந்தால் குடும்பமே கலங்கிப்போகிறது. ஹார்மோனால் சிறுநீர்க் குழாய் தளர்வதாலும், கர்ப்பப்பை வலப்பக்கம் சாய்ந்து அதை அழுத்துவதாலும் வருவது அது. வலியோ காய்ச்சலோ இல்லையென்றால் பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தானாகச் சரியாகிவிடும். பயப்பட வேண்டாத இடத்தில் பயமும், கவனிக்க வேண்டிய இடத்தில் நிம்மதியுமாக நிலைமை தலைகீழாகிக் கிடப்பதுதான் என் கவலை.

கர்ப்பிணிகளுக்குத் தரும் தாயி கார்டில் பிரஷரும் யூரின் ஆல்புமினும் எழுதுகிறார்களே, அது போதாதா என்று கேட்கலாம். 20 வாரங்களுக்குப் பின் பிரஷர் ஏறி உறுப்புகளைத் தாக்கும் பிரீ-எக்ளாம்ப்சியாவைப் பிடிக்க அவை இரண்டும் மிக முக்கியம். ஒருமுறைகூடத் தவறவிடக் கூடாதவை. ஆனால் ஆல்புமின் கசியாமலேயே சிறுநீரகம் கெட்டிருக்கலாம். ஏழாம் மாதத்தில் ஆல்புமின் தெரிந்தால், அது பழைய சிறுநீரக நோயா, புதிதாக வந்த பிரீ-எக்ளாம்ப்சியாவா என்று பிரித்தறிய ஆரம்பத்தில் எடுத்த கிரியாட்டினின் எண் வேண்டும். சிறுநீரக நோய் இருப்பது முன்கூட்டியே தெரிந்தால், பிரீ-எக்ளாம்ப்சியா வரும் வாய்ப்பைக் குறைக்க டாக்டர் குறைந்த அளவு ஆஸ்பிரினை 12-வது வாரத்தை ஒட்டியே தொடங்க முடியும்.

2024 நவம்பரில் பெல்லாரி அரசு மருத்துவமனையில் சிசேரியன் முடிந்த பெண்கள் சிலர், சிறுநீரகமும் மற்ற உறுப்புகளும் செயலிழந்து அடுத்தடுத்து இறந்தார்கள். சந்தேகம் விழுந்தது அவர்களுக்கு ஏற்றிய ட்ரிப் திரவத்தின் மேல். கிரியாட்டினின் பார்த்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் எந்த வார்டிலும் இது நடக்கலாம்: 0.5 ஆக இருந்தவருக்கு 1.0 ஆனால் எண் இரட்டித்துவிட்டது, வடிகட்டும் திறனில் பாதிக்குமேல் போயிருக்கலாம், ரிப்போர்ட்டோ நார்மல் என்றே சொல்லும். முந்தைய எண் கையில் இருந்தால்தான் நர்ஸுக்கோ டாக்டருக்கோ அது உறைக்கும்.

எல்லாருக்கும் கிரியாட்டினின் எடுத்தால் செலவும் வீண் பதற்றமும்தானே என்ற ஆட்சேபமும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம்கூட எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதைப் பரிந்துரைக்கவில்லை. எனவே நான் கேட்பது குறைவுதான். ரிப்போர்ட்டில் கர்ப்பிணிகளுக்கான வரம்பையும் அச்சிட வேண்டும். அதற்கு ஒரு வரி போதும். பிரஷர், சர்க்கரை, லூபஸ், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், முந்தைய கர்ப்பத்தில் பிரீ-எக்ளாம்ப்சியா வந்தவர்களுக்கும் முதல் மூன்று மாதத்திலேயே இந்தச் சோதனை நடக்க வேண்டும். மாதாமாதம் 9-ஆம் தேதி அரசு நடத்தும் இலவசக் கர்ப்பிணி முகாமில் ஹீமோகுளோபினுக்காக எப்படியும் ஊசி குத்துகிறார்கள். அதே ரத்தத்தில் இதையும் பார்க்கலாம்.

பிரசவத்தோடும் இது முடிவதில்லை. பிரீ-எக்ளாம்ப்சியா வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் சிறுநீரக நோய் வரும் வாய்ப்பு கூடுதல். ஆல்புமின் நின்றதா, கிரியாட்டினின் பழைய இடத்துக்குத் திரும்பியதா என்று மூன்று மாதம் கழித்துப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் தாய் தனக்காக ஆஸ்பத்திரிப் படி ஏறுவது அபூர்வம். ஆனால் 14-வது வாரத் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். அன்றைக்கே அவளுடைய பிரஷரையும் பார்த்து, யூரினும் ரத்தமும் எடுத்து அனுப்பலாம்.