ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதாத விபத்து

விடிவதற்கு முன்பே மாரிக்குப்பம் ஸ்டேஷன் விழித்துக்கொள்கிறது. சாம்பியன் ரீஃப், உரிகம், கோரமண்டல், ஆண்டர்சன்பேட்டை என்று கோலார் தங்கவயலின் தொழிலாளர் லைன்களிலிருந்து டிபன் பாக்ஸும் பையுமாக ஆட்கள் வந்து சேர்கிறார்கள். ரயில் பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூருக்குப் போகும். போக ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர், வர தொண்ணூறு கிலோமீட்டர். சென்ட்ரிங் வேலைக்காரர்கள், பெயின்டர்கள், செக்யூரிட்டிகள், ஹவுஸ்கீப்பிங் பெண்கள், குடோனில் சரக்கு இறக்குபவர்கள் என எல்லாரும் அதில் உண்டு. பெரும்பாலோருக்கு வேலை கொடுப்பது ஒரு காண்ட்ராக்டர். அவருக்கும் மேலே இருக்கும் கம்பெனியின் பெயர் பலருக்குத் தெரியாது.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. அதுவரை சுரங்கத்தை நம்பியிருந்த ஊர் அன்றிலிருந்து ரயிலை நம்புகிறது. பாட்டனும் அப்பனும் ஒரே கம்பெனியில் ஆயுள் முழுக்க உழைத்த வீடுகளில் பிள்ளைகள் ஆறு மாதம் ஓரிடம், மூன்று மாதம் வேறிடம் என்று மாறிக்கொண்டே இருக்கிறார்கள். இவர்களில் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்தாலோ மெஷினில் கை மாட்டினாலோ முதலில் கேட்கும் சொல் ஒன்றுதான்: "நீ டெம்பரரி. உனக்கு ஒண்ணும் கிடையாது."

அது பொய். தெரிந்து சொன்னாலும் தெரியாமல் சொன்னாலும் பொய்தான்.

நிரந்தரமா என்று சட்டம் கேட்பதில்லை

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-இல் இயற்றப்பட்டு, 1924 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. முதலாளியின் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலையைத் தற்காலிகமாகச் செய்தவர்களை அது நெடுங்காலம் வெளியே நிறுத்தியிருந்தது. அந்த விலக்கு 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டது. 2009-இல் வந்த திருத்தம் சட்டத்தின் பெயரை 'ஊழியர் இழப்பீட்டுச் சட்டம்' என்று மாற்றியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இதே உரிமைகளைத் தன்னுள் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

எத்தனை நாள் வேலை செய்தாய் என்ற கேள்வியே இதில் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில் விபத்து நடந்தாலும் உரிமை முழுதாக உண்டு. சீசனுக்கு வந்தவருக்கும் அப்படித்தான். கோலார் தக்காளி மண்டி சீசனில் இரவும் பகலும் இயங்கும். அங்கே கிரேட் ஏற்றி இறக்குபவர்களுக்கு மூன்று மாதம்தான் வேலை இருக்கும். சந்தையில் சரக்கைக் கையாளுவது சட்டத்தின் அட்டவணையில் உள்ள தொழில். லாரியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தால் அவரும் இழப்பீட்டுக்கு உரியவர்.

காண்ட்ராக்டர் ஓடிப்போய்விட்டாரா? அதற்கும் சட்டம் அன்றே வழி வைத்தது. தன் தொழிலின் ஒரு பகுதியைக் காண்ட்ராக்ட் விட்ட முதன்மை முதலாளி, அந்த ஆளைத் தானே நேரடியாக வேலைக்கு வைத்திருந்தால் எவ்வளவு கொடுக்க வேண்டுமோ அவ்வளவையும் கொடுக்க வேண்டும். பிறகு காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்வது அவர் பாடு. 'எனக்கு இழப்பீடு வேண்டாம்' என்று வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது.

தொகை எப்படி வரும் என்று பார்க்கலாம். முப்பது வயதுக்காரர் ஒருவர். மாதச் சம்பளம் 15,000 ரூபாய். 2020 ஜனவரி முதல் கணக்குக்கு எடுத்துக்கொள்ளப்படும் உச்சவரம்பும் அதுதான். முழு ஊனம் என்றால் சம்பளத்தில் 60 சதவீதத்தை, அதாவது 9,000 ரூபாயை, அவர் வயதுக்குரிய காரணியான 207.98 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். 18,71,820 ரூபாய் வரும். கட்டை விரலை இழந்தால் உழைக்கும் திறனில் 30 சதவீதம் போயிற்று என்கிறது அட்டவணை. அப்படியானால் 5,61,546 ரூபாய். உயிரே போனால் சம்பளத்தில் 50 சதவீதம் அடிப்படை. குடும்பத்துக்கு 15,59,850 ரூபாய். தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாதவருக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் கால்பங்கு. விபத்து நடந்த ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி. தக்க காரணமின்றி இழுத்தடித்தால் இழப்பீட்டில் பாதி வரை அபராதம்.

சைட்டில் விரல் போனவருக்கு இருபதாயிரமோ முப்பதாயிரமோ கொடுத்து, 'சமாதானமாப் போயிடலாம்' என்று தோளைத் தட்டி அனுப்பும்போது அவரிடமிருந்து எவ்வளவு பறிக்கப்படுகிறது என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடும்.

அட்டவணையின் சதவீதமும் இறுதியல்ல. ஒடிசாவில் 1968-இல் சினிமா தியேட்டர் ஒன்றில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேலே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு கைதானே போயிற்று என்று முதலாளி வாதாடினார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே இது முழு ஊனமே என்று 1975-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீடு விபத்து நடந்த அன்றே கடனாகிவிடுகிறது என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் பெரும்பாலும் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு பொருந்தும். காண்ட்ராக்ட் ஆட்களும் அதில் அடக்கம். வேலையில் அடிபட்டவருக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது; ஓய்வில் இருக்கும் காலத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். இ.எஸ்.ஐ. உள்ளவர் அதே விபத்துக்கு முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தூசியிலிருந்து வந்த உரிமை

இந்த உரிமைக்குத் தங்கவயல் கொடுத்த விலை பெரிது. இங்கே தங்கம் படிகக்கல் நரம்புகளுக்குள் கிடந்தது. பாறையைத் துளைத்தவர்களின் நுரையீரலில் அந்தத் தூசி படிந்து சிலிகோசிஸ் ஆனது. மைசூர் சமஸ்தானம் 1940-இல் சிலிகோசிஸ் விதிகளைக் கொண்டுவந்து, அந்த நோயை இழப்பீட்டுக்கு உரியதாக்கியது. 1940-க்கும் 1946-க்கும் இடையே கேப்லன், பர்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 7,653 சுரங்கத் தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 43.7 சதவீதம் பேருக்கு நோய் இருந்தது. இந்தியாவின் மருத்துவப் பாடப்புத்தகங்கள் தொழில்சார் நோய் என்றதும் கோலாரைச் சொல்வது இதனால்தான்.

விபத்தில் கை போனால் அன்றே தெரியும். நுரையீரல் கெடுவது பல வருடம் கழித்து, வேலையை விட்ட பிறகும்கூடத் தெரியவரும். அதனால்தான் இந்த வகை நோய்க்குச் சட்டம் தனி ஏற்பாடு செய்திருக்கிறது: பல முதலாளிகளிடம் மாறி மாறி வேலை செய்திருந்தால் அவர்கள் எல்லாருமே பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும். இன்று கல் குவாரியிலும் கிரஷரிலும் கிரானைட் பட்டறையிலும் கூலிக்குப் போகிறவர்களுக்கு இது உயிர்நாடியான விதி. ஆனால் பத்து வருடத்தில் எந்தெந்தக் குவாரியில் வேலை செய்தார் என்று காட்ட அவர்களிடம் ஒரு துண்டுச் சீட்டாவது இருக்கிறதா?

பெயர் இல்லாத ஆள்

1930-இல் தங்கவயலில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர்களின் கைரேகையை எடுத்துப் பதிவு செய்யும் புதிய ஏற்பாட்டை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். குற்றவாளியைப் போலத் தங்களை நடத்துகிறார்கள் என்ற கோபம் நியாயமானது. அன்று கம்பெனிக்குத் தொழிலாளியைக் கட்டிப்போடப் பதிவு தேவைப்பட்டது. இன்றோ பதிவு இல்லாமல் இருப்பதுதான் முதலாளிக்கு வசதி. மஸ்டர் ரோலில் பெயர் ஏறாது. கூலி கையில் வரும். மேஸ்திரியின் நோட்டில் ஒரு கோடு, அவ்வளவுதான். விபத்து நடந்த மறுநாள் 'இப்படி ஒரு ஆள் எங்களிடம் வேலை பார்க்கவே இல்லை' என்று சொல்லிவிட முடிகிறது.

வழக்கு பெரும்பாலும் தோற்பது கோர்ட்டில் அல்ல, ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில். அடிபட்டவர் வலியில் கிடப்பார். கூட வந்த சூப்பர்வைசரிடம் டாக்டர் "எப்படி அடிபட்டது?" என்று கேட்பார். "வீட்டுல வழுக்கி விழுந்துட்டார்" என்று அவர் சொல்வது அப்படியே சீட்டில் ஏறும். எம்.எல்.சி. என்ற மருத்துவ-சட்டப் பதிவு இருக்காது, போலீசுக்குத் தகவல் போகாது. இரண்டு மாதம் கழித்து வழக்குப் போடும்போது எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது அந்தச் சீட்டைத்தான். 'வேலை செய்யும் இடத்தில் விழுந்தார்' என்ற ஒரு வரியும், அந்த இடத்தின் பெயரும், நேரமும் அன்றைக்கே எழுதப்பட வேண்டும். உடன் வேலை செய்யும் ஒருவர் கூடப் போய் இதைப் பார்த்துக்கொண்டால் போதும். சம்பளம் வந்த ஃபோன்பே பதிவு, மேஸ்திரியின் வாட்ஸ்ஆப் செய்தி, கேட் பாஸ், ஹெல்மெட்டோடு சைட்டில் எடுத்த போட்டோ எல்லாமே அவர் அங்கே வேலை செய்தார் என்று காட்ட உதவும். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் ஊழியருக்கு நியமனக் கடிதம் கொடுப்பதைக் கட்டாயமாக்கியுள்ளன. அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குவது இனி சலுகை கேட்பதாகாது.

ரயிலில் போய் வருகிறவர்கள் கவனிக்க வேண்டிய தீர்ப்பு ஒன்றும் உண்டு. மகாராஷ்டிரத்தில் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் 2003-இல் அதிகாலை மூன்று மணி ஷிப்டுக்குப் போகும் வழியில் சாலை விபத்தில் இறந்தார். வழியில் நடந்தது வேலையில் நடந்ததாகாது என்று உயர் நீதிமன்றம் குடும்பத்தின் இழப்பீட்டை ரத்து செய்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதைத் திரும்பக் கொடுத்தது: பயணத்தின் நேரமும் இடமும் வேலையோடு தொடர்புள்ளவை என்று காட்டினால் அதுவும் வேலை சார்ந்த விபத்தே. புதிய தொகுப்பிலும் இது எழுதப்பட்டிருக்கிறது.

பெங்களூரில் நடந்த விபத்துக்குப் பெங்களூரிலேயே அலைய வேண்டியதில்லை. வசிக்கும் ஊரின் இழப்பீட்டு அதிகாரியிடமே மனு கொடுக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தர வேண்டும். தங்கவயலின் பெரும்பாலான வீடுகள் இதில் அடங்கும். இவ்வளவு இருந்தும் ஆள் அறிந்து வந்து சேர்வதில்லை என்றால் அரசுதான் ஆளைத் தேடிப் போக வேண்டும். தொழிலாளர் துறையும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் ரயில் திரும்பி வரும் நேரத்தில் மாரிக்குப்பத்திலும் பங்காரப்பேட்டையிலும் மாதம் ஒருமுறை மேசை போட்டு மனு வாங்கினால் என்ன? தமிழிலும் கன்னடத்திலும் படிவம் இருக்க வேண்டும். சங்கங்களுக்கும் அவசர வேலை ஒன்று இருக்கிறது. விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும் என்பது விதி. அந்தக் கெடு நெருங்கும் குடும்பங்கள் எந்தெந்த லைனில் இருக்கின்றன என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவதை அவர்கள் இந்த வாரமே தொடங்கலாம்.