மூன்றாவது கண் விழித்திருக்கிறதா?

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை பேருந்தில் சென்றால், வழியெங்கும் கம்பங்களிலும் கடை வாசல்களிலும் கண்காணிப்புக் கேமராக்களைக் காணலாம். அவற்றில் எத்தனை இயங்குகின்றன, யார் பராமரிக்கிறார்கள், பதிவு எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. பள்ளி வாசலிலும் கேமரா வந்துவிட்ட இந்நாளில், ஆசிரியர்களாகிய நாம் இக்கேள்விகளுக்கு விடை தேட வேண்டியிருக்கிறது.

எப்படி வந்தன?

2016 ஜூன் மாதம் நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில் காலை வேளையில் ஓர் இளம்பெண் கொலை செய்யப்பட்டார். நிலையத்தில் கேமரா இல்லை. சுற்றுப்புறக் கட்டடங்களின் பதிவுகளே விசாரணைக்குக் கைகொடுத்தன. அதன்பின் கேமரா வேண்டும் என்ற குரல் வலுத்தது. 2017இல் சென்னைக் காவல் ஆணையராகப் பொறுப்பேற்ற ஏ.கே. விசுவநாதன் காலத்தில் ‘மூன்றாவது கண்’ திட்டம் நகரெங்கும் விரிந்தது. 50 மீட்டருக்கு ஒரு கேமரா என்பது இலக்கு. குடியிருப்போர் சங்கங்களும் வணிகர்களும் நிறுவனங்களும் செலவை ஏற்றனர். எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டியது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்களுடன் சென்னை உலக நகரங்களில் முதலிடம் என்று ஒரு வெளிநாட்டு நிறுவனம் கணக்கிட்டது. இவை தவிர, மத்திய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் செலவிடும் நிர்பயா நிதியின் பாதுகாப்பான நகரத் திட்டத்திலும் நாட்டின் 8 நகரங்களுள் ஒன்றாகச் சென்னை இடம்பெற்றது.

பொருத்திய பிறகு

கேமரா என்பது கம்பத்தில் தெரியும் கருவி மட்டுமல்ல. மின் இணைப்பு, கேபிள், பதிவுக் கருவி, ஹார்டு டிஸ்க், அவற்றைக் கவனிக்கும் ஆள் எல்லாம் சேர்ந்ததே அது. நன்கொடையாளர் ஒருமுறை பணம் தருகிறார். ஆண்டுதோறும் ஆகும் பராமரிப்புச் செலவு யாருடையது? நம் பகுதியில் உப்புக் காற்று இரும்பை அரிக்கிறது. கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி கேமராவின் கண்ணாடியை மூடுகிறது. சாலை தோண்டும்போது கேபிள் அறுபடுகிறது. கேமராக்கள் பழுதாகிக் கிடப்பது பற்றிய செய்திகள் சில ஆண்டுகளிலேயே நாளிதழ்களில் வரத் தொடங்கின.

எங்கள் மாணவன் ஒருவனின் சைக்கிளை ஒரு லாரி உரசியதில் அவன் கை எலும்பு முறிந்தது. மீன் விற்கும் அவன் அம்மா, லாரி எண்ணைக் கண்டுபிடிக்க மூன்று நாள் வியாபாரத்தை விட்டு அலைந்தார். தெருமுனைக் கேமரா பல மாதங்களாக இயங்கவில்லை என்பது நான்காம் நாள்தான் தெரிந்தது. “அது ஓடலன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே அங்க நின்னவங்கள விசாரிச்சிருப்பேனே டீச்சர்” என்றார். இயங்காத கேமரா பயனற்றது மட்டுமல்ல, வேறு வழிகளையும் தேடவிடாமல் செய்துவிடுகிறது.

பதிவு எத்தனை நாள்?

இது நல்ல கணக்குப் பாடம். ஒரு கேமரா வினாடிக்கு 2 மெகாபிட் பதிவு செய்வதாகக் கொள்வோம். 8 பிட் சேர்ந்தது 1 பைட் என்பதால், அது வினாடிக்கு 0.25 மெகாபைட். ஒரு நாளின் 86,400 வினாடிகளுக்கு 21.6 ஜிகாபைட். நான்கு கேமராக்களுக்கு 86.4 ஜிகாபைட். ஆகவே 1,000 ஜிகாபைட் ஹார்டு டிஸ்க் 12ஆம் நாளில் நிறைந்துவிடும். பிறகு பழைய காட்சியின் மேல் புதியது பதிவாகும். இரண்டு வாரம் கழித்துப் புகார் தரும் பெற்றோருக்கு நம்மிடம் காட்ட எதுவும் இருக்காது.

இடம் இருந்தாலும் பதிவு நிலைக்கும் என்பதற்கில்லை. 2020இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டுத் தந்தையும் மகனும் உயிரிழந்த வழக்கில், ஹார்டு டிஸ்க்கில் போதிய இடமிருந்தும் காட்சிகள் அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக நீதித்துறை நடுவர் அறிக்கை அளித்தார். அதே ஆண்டு டிசம்பரில், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா பொருத்தி, பதிவுகளை 18 மாதம், இயலாவிட்டால் குறைந்தது ஓராண்டு பாதுகாக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

மறு ஆய்வு ஏன்?

கேமராக்களுக்கு நெடுங்காலம் செலவிட்ட பிரிட்டனில் 2009இல் 44 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். வாகன நிறுத்துமிடங்களில் குற்றங்கள் 51 விழுக்காடு குறைந்திருந்தன. வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அதாவது, பயன் இடத்தையும் நோக்கத்தையும் பொறுத்தது. கேமராவின் தேவை இன்னும் நியாயமானதா என்று அவ்வப்போது மறு ஆய்வு செய்ய வேண்டும் என்பது அந்நாட்டின் 2013ஆம் ஆண்டு நெறிமுறைகளில் உள்ளது. லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் மாநகர மன்றம் 2016இல் செலவைக் கணக்கிட்டுத் தன் தெருக் கேமராக்களை நிறுத்தவே முடிவெடுத்தது. நாமும் நிறுத்த வேண்டும் என்பதில்லை. ஆனால் கேட்டுப் பார்த்து முடிவெடுக்கும் வழக்கம் நமக்கும் வேண்டும்.

நம் பகுதியின் ஆபத்துகள் எல்லாம் கேமராவில் தெரிபவையும் அல்ல. 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் வாயு நெடியால் மாணவியர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். காற்றை அளக்கும் கருவி செய்யும் வேலையைக் கேமராவால் செய்ய முடியாது.

தனியுரிமையும் கருத வேண்டியது. அது அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரைக் குழந்தைகள் என வரையறுத்து, அவர்களின் தரவுகளுக்குத் தனிப் பாதுகாப்புத் தருகிறது. ஒரு மாணவி அழும் காட்சி ஆசிரியரின் கைபேசி வழியாகக் குழுக்களில் பரவக் கூடாது.

நாம் செய்யக் கூடியவை

பள்ளியில் ஒரு பதிவேடு தொடங்கலாம். மாதம் ஒருமுறை நான்கு செய்திகளை எழுதினால் போதும்: எந்தக் கேமரா இயங்குகிறது, திரையில் தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா, எத்தனை நாள் பதிவு இருக்கிறது, யார் எதற்காகப் பார்த்தார்கள். ஏதேனும் நிகழ்ந்தால் அன்றே அந்தப் பதிவைத் தனியே சேமிக்க வேண்டும்.

ஆறாம் வகுப்பில் உள்ளாட்சிப் பாடம் நடத்தும்போது, பள்ளியைச் சுற்றியுள்ள கேமராக்கள் பற்றி மாணவர்களைக் கேள்விகள் எழுதச் சொல்லலாம். தெருவுக்கு அனுப்பிப் படமெடுக்க வைக்க வேண்டாம். அக்கேள்விகளைப் பெற்றோரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் வார்டு உறுப்பினரிடமும் பகுதி சபைக் கூட்டத்திலும் முன்வைக்கலாம். பகுதி சபைகள் 2022 நவம்பர் 1 முதல் நம் நகரங்களில் கூடி வருகின்றன. அங்கு விடை கிடைக்காவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாநகராட்சிக்கோ காவல்துறைக்கோ மனு எழுதலாம். அதற்கு 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வரும் பதிலை வகுப்பில் படித்துக் காட்டுங்கள். உள்ளாட்சி எப்படி இயங்குகிறது என்பதை மாணவர்கள் தங்கள் தெருவை வைத்தே புரிந்துகொள்வார்கள்.