'ஊரில் எந்தப் பக்கம்?' என்று கேட்டால்...

நம் பிள்ளைகள் பலர் எழுத்துத் தேர்வில் கரை சேர்ந்து, நேர்முகத் தேர்வில் தடுமாறுகிறார்கள். அந்த அறைக்குள் போய் வந்தவர் வீட்டில் யாரும் இல்லாததால், வழி சொல்ல ஆளில்லை.

தமிழக அரசுப் பணியில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு (அதற்குள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினருக்கு 1 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. தனியார் நிறுவனங்களில் அந்தப் பிடிமானம் கிடையாது. எதிரில் இருப்பவரின் மதிப்பீடே முடிவு.

அங்கே ஒரு கேள்வி நம்மை வாயடைக்க வைக்கும்: "சொந்த ஊர் எது? ஊரில் எந்தப் பக்கம்?" முகவரியில் 'காலனி' என்று இருப்பதைப் பார்த்துக் கேட்பவர்களும் உண்டு. அரசு ஆவணங்களிலிருந்து அச்சொல் நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆனாலும் கேட்பவர்கள் உடனே மாறிவிட மாட்டார்கள். தலைகுனிய வேண்டாம், சண்டையும் வேண்டாம். ஊர்ப் பெயரை நிமிர்ந்து சொல்லிவிட்டு, "இந்த வேலைக்கு நான் பெற்றிருக்கும் பயிற்சி..." என்று பேச்சைத் திருப்புங்கள்.

இது நாவில் பழக வேண்டிய பதில். நம் அம்பேத்கர் படிப்பகத்தில் ஞாயிறு மாலை இரண்டு நாற்காலி போட்டால் போதும். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதற்கு இரண்டு நிமிடம் பேசிப் பழகுங்கள். கூலி வேலை பார்த்துக்கொண்டே படித்ததை மறைக்காதீர்கள். அது உழைப்புக்குச் சான்று. தாட்கோ மாவட்ட அலுவலகத்தில் திறன் பயிற்சிகள் பற்றி விசாரியுங்கள். அசல் சான்றிதழ்களையும் நகல்களையும் முந்தைய இரவே எடுத்து வையுங்கள்.

ஏற்கெனவே வேலையில் அமர்ந்துவிட்ட அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கேள்வி கேட்கும் அந்த இரண்டாவது நாற்காலி உங்களுக்கானது. வரும் ஞாயிறு ஊருக்கு வாருங்கள்.